பதினாலாவது ஆள்

கடந்த நான்கு வருடங்களில் நான் ஊர் தாண்டிப் போனதெல்லாம் சாவு வீடுகளுக்குத்தான். துக்கம் கேட்கப் போவதை எங்கள் பக்கம் கேதம் என்போம். என் வீட்டுக்காரர் சுருளிராஜனின் சொந்தம் தேவதானப்பட்டியில் ஆரம்பித்துக் கம்பம் வரைக்கும் பரந்து கிடக்கிறது. மாதத்துக்கு ஒருவராவது போய்ச் சேர்ந்துவிடுவார். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய சொந்தத்துக்காக நான்தான் வேன் வேனாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

பாசம் பொங்கி வழிந்து போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். எனக்கு அறுபத்தெட்டு வயது, பெயர் ராஜமணி. மகன் திருப்பூரில், மகள் பெங்களூரில். பழனிசெட்டிபட்டியில் நான் ஒற்றை ஆள். நாளைக்கு நான் செத்துக் கிடந்தால் யார் வருவார்கள்? படுத்தால் தூக்கம் வருகிற வரைக்கும் இதுதான் யோசனை. இன்னார் வருவார், இன்னார் வரமாட்டார் என்று ஆட்களைக் கூட்டிக் கழிப்பேன். நாம் போனால்தானே அவர்கள் வருவார்கள்? அதனால் ஒன்றைக்கூட விட்டதில்லை.

நான்கு வருடத்தில் கேதத்தின் நடைமுறை எனக்கு அத்துப்படி. சாம்பல் நிறச் சேலை ஒன்று தனியாக இருக்கிறது. போனதும் வீட்டுக்கு உரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். நமக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் கேட்க வேண்டும். அவள் முதலிலிருந்து சொல்வாள். அடுத்து வருகிறவளும் கேட்பாள், அவளுக்கும் சொல்வாள். நூறு தடவை சொல்லித்தான் ஒரு சாவைத் தீர்க்க முடியும். திரும்பும்போது மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. போயிட்டு வாரேன் என்று சொன்னால், இன்னொரு கேதத்துக்கு வருவதாக ஆகிவிடும். பேசாமல் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். வீட்டு வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும்.

போயிட்டு வாரேன் என்ற வார்த்தையே எனக்கு மறந்து போயிருந்தது. வேறு எங்கே போனேன், சொல்வதற்கு?

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் என் நாத்தனார் பாண்டீஸ்வரி தேவதானப்பட்டியிலிருந்து போன் செய்தாள்.

"மதினி, அனுமந்தன்பட்டி மொக்கம்மா பெரியாத்தா தவறிட்டாக. காலைல இங்கனருந்து வேன் கெளம்புது. அஞ்சரைக்கு உங்க ஊரு ரோட்டுல வந்து நில்லுங்க. வெள்ளை வேன்."

ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டேன். அப்படி ஒரு பனி. கம்பம் ரோட்டில் எதிரே இருந்த டீக்கடை விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது, கடையைக் காணோம். பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட பெரியவர் ஒருவர் பையோடு நின்றார். தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று லேசாகத் தலையாட்டி வைத்தேன். அவரும் ஆட்டினார். ஐந்து இருபதுக்கு வெள்ளை வேன் ஒன்று பனியிலிருந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. அவர் ஏறினார், பின்னாலேயே நானும் ஏறினேன்.

உள்ளே விளக்கு இல்லை. எல்லாரும் வயசாளிகள். துண்டு, மப்ளர், முந்தானை என்று தலையை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. கேத வண்டிதான், சந்தேகமே வரவில்லை. நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்ததும் முன்னாலிருந்த ஒருவர் டார்ச் அடித்துத் தலைகளை எண்ணினார். "பதிமூணு, பதினாலு. ஆள் சரியா இருக்கு. எடுப்பா." இப்போதெல்லாம் கேதத்துக்கும் ஆள் எண்ண ஆரம்பித்துவிட்டார்களே என்று எரிச்சல் வந்தது. புளிசாதம் வேறு மணந்தது. கேதத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு வருகிற ஆள் யாரடா? சரி, சர்க்கரை வியாதிக்காரர் யாரோ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்தில் ஜன்னலோரமாக ஒல்லியாக ஒருத்தி. அவள் கை மடியில் சும்மா கிடந்தது. எடுத்துப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"போயிட்டாகளேம்மா," என்றேன். "நல்லாத்தானே இருந்தாகளாம். எப்பிடி ஆச்சு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை.

"தெனமும் காலைல ஆறு மணிக்குப் போன் அடிப்பா," என்றாள். "அன்னைக்கு அடிக்கலை. ஆறே காலுக்கு நானே அடிச்சேன். ரிங் போயிக்கிட்டே இருந்துச்சு. குளிக்கிறாளாக்கும்னு நெனைச்சு, காப்பி போட்டுக் குடிச்சேங்க. அவ அங்கன கெடக்கா, நான் உக்காந்து காப்பி குடிச்சிருக்கேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மொக்கம்மாளுக்கு எண்பத்து மூன்று வயது, இரண்டு காதும் கேட்காது, அவளுக்கு என்ன போன் என்று எனக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. துக்கத்தில் இருப்பவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசத்தான் செய்வார்கள். கேத வீட்டில் என் கண்ணீர் கூப்பிட்ட குரலுக்கு வரும். அன்றைக்குக் கூப்பிடாமலே வந்தது. இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதோம்.

வேன் போய்க்கொண்டே இருந்தது. வீரபாண்டி தாண்டியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் மேலெல்லாம் பனி படுத்திருந்தது. தென்னை மரங்கள் கீழ்ப்பாதி இல்லாமல் தலை மட்டுமாக நின்றன. ரோட்டில் போகிறோமா, தண்ணீர் மேல் போகிறோமா என்று தெரியவில்லை. அழுத அசதியில் கண் சொக்கியது. அரைத்தூக்கத்தில் என் வீட்டுக்காரர் வயல் வரப்பில் நடந்து வேன் கூடவே வருகிறார். ஏறுங்க, இடம் இருக்கு என்கிறேன். நீ போ, நான் பைய வாரேன் என்கிறார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தப் பெண்ணின் கையை விடாமலேயே தூங்கிப் போனேன்.

விழித்தபோது வேன் நின்றிருந்தது. பாட்டு அலறியது. எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஏலே டிரைவரு! கேதத்துக்குப் போற வண்டியில என்னலே பாட்டு? நிறுத்துலே!"

பாட்டு நின்றது. மொத்த வேனும் திரும்பி என்னைப் பார்த்தது. குரங்குக் குல்லா மெதுவாகக் கேட்டார்: "கேதமா? யாருக்கு?"

வெளியே பார்த்தேன். முன்னால் வனத்துறை செக்போஸ்ட். அதற்குப் பின்னால் மலை, பாதிக்கு மேல் மேகம். டார்ச் அடித்து எண்ணியவர் எழுந்து வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் விஜய்ராஜ். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. "அம்மா, இது தேனி மூத்தோர் நட்பு மன்ற வண்டி. மேகமலைக்கு டூர் போறோம். நீங்க அந்தக் காலி சீட்டுக்கு ஜெபஷீலா வரச் சொன்ன ஆளில்லையா?"

"நான் யாரையும் வரச் சொல்லலை," என்றாள் என் கையைப் பிடித்திருந்தவள். அவள்தான் ஜெபஷீலா.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

"மதினி, எங்கன போனீக? உங்க ஊரு ரோட்டுல பத்து நிமிசம் நின்னோம். இப்ப அனுமந்தன்பட்டியே வந்துட்டோம்."

"வேன் மாறி ஏறிட்டேன், பாண்டீஸ்வரி. மேகமலை அடிவாரத்துல நிக்கிறேன்."

"மேகமலையா? ஊரே இங்கன அழுதுக்கிட்டு இருக்கு, நீங்க டூரா போறீக?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எதையாவது பிடிச்சு வந்து சேருங்க. பன்னெண்டு மணிக்குத் தூக்கிருவாக. இதுக்கு வரலைன்னா நாளைக்கு உங்களுக்கு யாரு மதினி வருவா?"

எந்த இடத்தில் அடித்தால் வலிக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். விஜய்ராஜ் மேலேயிருந்து வந்த பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். சின்னமனூரில் இறக்கிவிடச் சொன்னார். அங்கிருந்து அனுமந்தன்பட்டிக்கு எந்தப் பஸ்ஸிலும் ஏறிக்கொள்ளலாம். எட்டு மணிக்கெல்லாம் சாவு வீட்டில் இருப்பேன்.

ஜெபஷீலாவும் என் பின்னால் இறங்கி வந்தாள். வெளிச்சத்தில் அப்போதுதான் அவளைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நீங்க வேற யாரையோ கேட்டிருக்கீக," என்றாள். "எனக்கு இப்பத்தான்க்கா புரியுது. நான் சுகிர்தத்தைக் கேக்குறீகன்னு நெனைச்சுட்டேன்."

"சுகிர்தம் யாரு?"

"என் சேக்காளி. தேனி கடைத்தெருவுல நான் நோட்டுப் புத்தகக் கடை வச்சிருந்தேன், எதுத்தாப்புல அவ வளையல் கடை. முப்பத்தாறு வருசம். நீங்க உக்காந்தது அவ பேர் குடுத்த சீட்டு. எறந்து இருவத்து மூணு நாளாச்சு." அவள் பால் வண்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாரும் வந்தாக. அவ மகன்கிட்டக் கேட்டாக, மருமகள்கிட்டக் கேட்டாக. எங்கிட்ட யாரும் கேக்கலை. நான் என்ன சொந்தமா? ஜெபக் கூட்டத்துல நாலாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன். எப்பிடி ஆச்சுன்னு எங்கிட்டக் கேட்ட மொத ஆளு நீங்கதான். சரிக்கா, நீங்க போங்க. அங்கன தேடுவாக."

பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டேன். மொக்கம்மாளுக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், பதினோரு பேரன் பேத்திகள். இந்நேரம் பந்தலில் இருநூறு பேர் இருப்பார்கள். நான் போனால் இருநூற்றொன்று. இங்கே ஒரு கேதம் இருபத்து மூன்று நாளாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. நான் போய்விட்டால் இதற்கு ஆளே இல்லை. நாளைக்கு உனக்கு யார் வருவார்கள் என்று பயம் மறுபடியும் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேதம் என்றால் என்னவென்று தெரிந்தவள் நான். பாதியில் எழுந்து போவது முறையில்லை.

"நீ போப்பா," என்று காலை எடுத்துவிட்டேன். திட்டிக்கொண்டே போனான்.

மேகமலைக்கு ஏறுகிற ரோட்டில் பதினெட்டு வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். குரங்குக் குல்லா ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசித்தார். நான் ஜெபஷீலாவின் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

"மொதல்லருந்து சொல்லுங்க. எப்பிடி ஆச்சு?"

அவள் சொன்னாள். ஆறு மணி, போன், காப்பி. பிறகு கதவை உடைத்தது. ஆறாவது வளைவில் முடித்தாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கேட்டேன். அவளும் எதற்கு என்று கேட்காமல் மறுபடியும் சொன்னாள். வேன் மேகத்துக்குள் நுழைந்தது. பலகை தெரியாததால் குரங்குக் குல்லாவும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஜன்னல் முழுக்க வெள்ளை. உள்ளே அவள் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை சொல்லும்போது சாவுக்கு முந்தின நாளுக்குப் போனாள். அப்புறம் அதற்கு முந்தின வருடத்துக்கு. வளையல் போட வந்த கல்யாணப் பெண்ணுக்கு, மாப்பிள்ளை சரியில்லை, வேண்டாம் என்று சுகிர்தம் புத்தி சொல்லி வம்பில் மாட்டிய கதையைச் சொன்னபோது அவளே சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று பயந்து என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மேலே அணைத் தண்ணீர் ஓரமாக வண்டி நின்றது. ஆட்கள் இறங்கிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆண்கள் எல்லாம் ஒரு பக்கம் வரிசையாகப் போய் உட்கார்ந்தார்கள், பெண்கள் இன்னொரு பக்கம் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே சாவு வீடு. பாவம், அவர்களும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது, வேறு எதற்கும் வெளியே போய்ப் பழக்கமில்லை. விஜய்ராஜ் விசில் ஊதி, ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் பெயரையும் சர்க்கரை அளவையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். என் முறை வந்தது. "ராஜமணி. வேன் மாறி ஏறுன ஆளு," என்றேன். அதற்குத்தான் முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஜெபஷீலாவைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிப்போனேன். தேயிலைச் சரிவு அங்கங்கே தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அவள் பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்தாள்.

"இது சுகிர்தத்தோட ஏற்பாடு," என்றாள் வெட்கத்தோடு. "மேகமலையில மேகம் கைக்கே வருமாம்ல, ஒரு டப்பா கொண்டு போவோம், பிடிச்சு அடைச்சுக் கொண்டாந்து கடைத்தெருவுல தொறந்து விடுவோம்னா. அறுவத்தாறு வயசுல பேசுற பேச்சைப் பாருங்க. இதுக்குன்னே டப்பா வாங்கி வச்சிருந்தா."

"அப்ப தொறங்க, வருது பாருங்க."

தண்ணீர் மேல் தவழ்ந்து மேகம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதலில் எதிர்க்கரை போனது, பிறகு தண்ணீர் போனது, பிறகு என் கால்களே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஜெபஷீலாவும் மறைந்துவிட்டாள். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. கன்னமெல்லாம் ஈரமானது. பயமே இல்லை. செத்தால் இப்படித்தான் இருக்குமென்றால் ஒன்றும் மோசமில்லை, யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. மூடி டக்கென்று மூடியது. மேகம் விலகியபோது அவள் டப்பாவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள்.

"கேதம் முடிஞ்சா குளிக்கணும்," என்றேன். "உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டோ இல்லையோ, இங்கன குளிக்க முடியாது. மூஞ்சி கை காலாவது கழுவுங்க."

இரண்டு பேரும் அந்த ஐஸ் தண்ணீரில் முகம் கழுவினோம். தலையிலும் இரண்டு கை தெளித்துக்கொண்டோம். பல் கிடுகிடுத்தது. பிறகு போய்ப் புளிசாதம் சாப்பிட்டோம். அதைக் கட்டிக்கொண்டு வந்தவர் குரங்குக் குல்லாதான். காலையில் மனதுக்குள் திட்டியதற்கு மன்னிப்பாக, இன்னும் கொஞ்சம் வைங்க என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் இறங்கும்போது அடிவாரத்தில்தான் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் பாண்டீஸ்வரி.

"எல்லாம் முடிஞ்சிருச்சு மதினி. ராஜமணி எங்க, ராஜமணி எங்கன்னு கேட்டாக. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை. டூர் நல்லா இருந்துச்சா?"

"டூர் போகலை. ஒரு கேதத்துக்குத்தான் போயிருந்தேன்."

"யாரு?"

"சுகிர்தம்னு. உனக்குத் தெரியாது."

"நமக்குச் சொந்தமா?"

பக்கத்தில் ஜெபஷீலா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டப்பா அவள் மடியில் இருந்தது.

"ஆமா," என்றேன். "எனக்குச் சொந்தம்."

பழனிசெட்டிபட்டியில் வண்டி நின்றபோது விளக்கு வைக்கிற நேரம். தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான்கு வருடத்துப் பழக்கம், கால் தானாக நடந்தது. பத்தடி போயிருப்பேன்.

"அக்கா! சொல்லிக்காமப் போறீகளே?"

ஜெபஷீலா ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து, தேடி, நான் இல்லை என்று பயந்துபோன முகம்.

"கேதத்துக்கு வந்தவ சொல்லக் கூடாது," என்றேன்.

"அது மேலயே முடிஞ்சு போச்சே. மூஞ்சி கழுவி, சாப்பிட்டும் ஆச்சே. இப்ப எதுக்குச் சொல்லாமப் போகணும்?"

திரும்பி வண்டியருகே நடந்தேன். எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், ஆனால் நாக்கில் வர மறுத்தது. ஜன்னல் கம்பியில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அது சில்லென்று இல்லை.

"போயிட்டு வாரேன்," என்றேன்.

"எப்ப?" என்றாள் அவள்.

எப்போது வருவாய் என்று என்னை ஒருவர் கேட்டு நான்கு வருடமாகிறது.

"நாளைக்கு," என்றேன். "காலைல பத்து மணிக்குக் கடைத்தெருவுக்கு வந்துர்றேன். அதுக்கு முன்னாடி டப்பாவைத் தொறந்துறாதீக."

விஜய்ராஜ் விசில் ஊதினார். சிவப்பு விளக்குகள் கண்ணை விட்டு மறையும் வரைக்கும் ரோட்டிலேயே நின்றேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் வழக்கம்போல நேராகக் குழாயடிக்குப் போய் வாளியைத் தொட்டுவிட்டேன். அதெல்லாம் மேலேயே முடிந்துவிட்டது என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனேன். சாம்பல் நிறச் சேலையை மாற்றி ஊறப் போட்டேன். பீரோவைத் திறந்து நாளைக்கு எந்தச் சேலையைக் கட்டுவது என்று தேட ஆரம்பித்தேன்.